நிழல் குட்டையானால் கவனம்: குழந்தைகளின் தோலையும் கண்ணையும் வெயிலிலிருந்து காப்பது எப்படி

மே மாதம் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் வந்த குழந்தைக்கு, வீடு திரும்பிய மூன்றாம் நாள் மூக்கு நுனியிலும் கன்னத்திலும் தோல் உரியத் தொடங்கும். "குளிர்காற்று பட்டுடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது காற்றின் வேலையல்ல, வெயிலின் வேலை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மேட்டுப்பாளையத்தில் வெயில் சுடுகிறது என்று குழந்தையை நிழலுக்கு இழுத்த அதே பெற்றோர், மேலே போனதும் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று நண்பகலில் திறந்த படகில் உட்கார வைக்கிறார்கள்.

வெயிலைப் பற்றிப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெற்றோர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். சூடு வேறு, புறஊதாக் கதிர் வேறு. உடம்புக்குத் தெரிவது சூடு. தோலையும் கண்ணையும் கெடுப்பது உடம்புக்குத் தெரியாத புறஊதா. காற்று மிகச் சூடாக இருப்பது பிற்பகல் 2, 3 மணிக்கு. புறஊதா உச்சத்தில் இருப்பது சூரியன் உச்சிக்கு வரும்போது, அதாவது சென்னையில் 12 மணியைச் சற்றுத் தாண்டி. அக்னி நட்சத்திரத்துக்கு முன்பும் பின்பும் அது குறைவதில்லை. தெளிந்த வானம் உள்ள நாளில், மார்ச் முதல் செப்டம்பர் வரை தமிழ்நாட்டில் நண்பகல் யூவி குறியீடு (புறஊதாவின் வலிமையைச் சொல்லும் எண்) 11-ஐத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். டிசம்பரில்கூட 7, 8 வரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 3 வந்தாலே பாதுகாப்பு தேவை. 8-க்கு மேல் மிக அதிகம், 11-க்கு மேல் தீவிரம்.

நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் இயற்கையாகவே மெலனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது, உண்மைதான். அதனால் வெள்ளைக்காரக் குழந்தையைப் போல அரை மணியில் சிவந்து வெந்துபோவதில்லை. தோல் புற்றுநோயும் நம்மிடையே குறைவு. ஆனால் தோல் வெந்து உரிவது, கழுத்திலும் முழங்கையிலும் வெயில் பட்ட இடத்தில் மட்டும் அரிப்போடு பொரிவது, வருடக்கணக்கில் மறையாத கரும்படை இவையெல்லாம் நம் குழந்தைகளுக்கும் வரும். கண்ணுக்கோ தோல் நிறம் தரும் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: இந்தக் கட்டுரை நிறத்தைக் காப்பதற்கானது அல்ல. "வெயில்ல போகாதே, கறுத்துப்போயிடுவே" என்று குழந்தையிடம் சொல்லாதீர்கள். தொப்பி போடச் சொல்லும்போது "தோல் எரியாம இருக்க" என்று காரணம் சொல்லுங்கள். தன் நிறத்தைக் கண்டு பயப்படும் குழந்தையை நாமே உருவாக்கிவிடக் கூடாது.

முதல் படி: நிழலை அளப்பது

கைப்பேசியின் வானிலைச் செயலியில் யூவி குறியீடு இருக்கும். அது இல்லாவிட்டாலும் கவலையில்லை. குழந்தையை வெட்டவெளியில் நிற்க வைத்து அதன் நிழலைப் பாருங்கள். நிழல் குழந்தையைவிட நீளமாக இருந்தால் புறஊதா மிதமாக இருக்கிறது என்று கொள்ளலாம். குட்டையாக இருந்தால் கவனம் தேவை. ஆளின் உயரமும் நிழலின் நீளமும் சமமாக இருக்கும்போது சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கிறது. அதற்கு மேலே ஏற ஏற கதிர் காற்றுமண்டலத்தில் கடக்கும் தூரம் குறைந்து, வடிகட்டப்படுவதும் குறைகிறது.

சென்னையில் ஏப்ரல் மாதம் நிழல் குட்டையாக இருக்கும் நேரம் ஏறத்தாழ காலை 9 முதல் மாலை 3 வரை. டிசம்பரில் அது காலை பத்தேகாலிலிருந்து 2 மணி வரை சுருங்கிவிடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்து நிழல் காலடியிலேயே மறைந்துபோகும். கன்னியாகுமரிப் பக்கம் இது ஏப்ரல் 10-ஐ ஒட்டி வரும். நான்கு வயதுக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு புரியும். "உன் நிழல் உன்னைவிடக் குட்டையா இருக்கா? அப்போ தொப்பி எடுத்துட்டு வா" என்று விளையாட்டாகப் பழக்கினால் பள்ளியில் நீங்கள் இல்லாதபோதும் அது வேலை செய்யும்.

மேகத்தை நம்ப வேண்டாம். மெல்லிய மேகம் சூட்டைத் தணிக்கும், புறஊதாவைப் பெரிதாகத் தடுக்காது. கருமேகம் கவிந்து வானம் இருட்டினால்தான் நிம்மதி.

இரண்டாம் படி: நல்ல நிழல் எது, போலி நிழல் எது

தென்னை மர நிழலும் முருங்கை மர நிழலும் ஓட்டை நிழல். வேம்பு, புங்கை, ஆல், புளி ஆகியவற்றின் அடர்ந்த நிழல் நல்லது. எப்படிச் சோதிப்பது? நிழலில் உட்கார்ந்து மேலேயும் பக்கவாட்டிலும் பாருங்கள். நீலவானம் நிறையத் தெரிந்தால், நேர் வெயில் படாவிட்டாலும் சிதறிய புறஊதா வந்து சேரும். கடற்கரையில் நட்ட ஒற்றைக் குடையின் கீழ் இருந்தும் குழந்தைக்குத் தோல் உரிவது இதனால்தான். போதாக்குறைக்கு மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை 25 சதவீதத்தையும் கீழிருந்து திருப்பி அனுப்பும்.

தண்ணீரும் ஏமாற்றும். அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் உள்ளதில் ஏறத்தாழ 40 சதவீதப் புறஊதா இருக்கும். பம்ப்செட் தொட்டியில் மணிக்கணக்காக ஊறும் பிள்ளைக்குக் குளிர்ச்சியாக இருக்கும், தோளும் முதுகும் மட்டும் வெந்துகொண்டிருக்கும். கோடை விடுமுறை நீச்சல் வகுப்பில் சேர்ப்பதாக இருந்தால் காலை 6, 7 மணி அல்லது மாலை நாலரைக்கு மேல் உள்ள குழுவைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு முடிவு ஒரு டியூப் சன்ஸ்கிரீனைவிடப் பெரிய வேலை செய்யும்.

ஸ்கூட்டரின் முன்னால் நிற்கும் குழந்தையை மறந்துவிடுகிறோம். முகத்தில் நேராக வெயில், கண்ணில் நேராகக் காற்றும் தூசியும். காற்று அடிப்பதால் சூடு தெரியாது. முழுக்கைச் சட்டையும் முகக் கண்ணாடி உள்ள குழந்தை ஹெல்மெட்டும் இருந்தால் தலை, தோல், கண் மூன்றுக்கும் ஆகும்.

மூன்றாம் படி: துணியும் தொப்பியும்

சன்ஸ்கிரீனுக்கு முன்னால் துணி. துணி வியர்வையில் அழியாது, இரண்டு மணிக்கு ஒருமுறை பூச வேண்டியதும் இல்லை.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் புறஊதாவும் அந்த வழியே போகும். ஒரே நெசவில் அடர்நிறம் வெளிர்நிறத்தைவிட அதிகம் தடுக்கும். ஆனால் கறுப்பு சூட்டை இழுக்கும். ஆகவே நம் ஊருக்கு நெருக்கமாக நெய்த, தளர்வாகத் தைத்த, நடுத்தர நிறப் பருத்தி முழுக்கைச் சட்டையே பொருத்தம். துவைத்துத் துவைத்து நைந்துபோன பனியன் போதாது. நனைந்து உடம்போடு ஒட்டிய வெள்ளைப் பருத்திச் சட்டை இன்னும் மோசம். இழைகள் விரிந்து, தண்ணீர் நிறைந்து, கதிர் எளிதாக உள்ளே போய்விடும். அதனால் தண்ணீரில் ஆடும் பிள்ளைகளுக்கு மட்டும் யூபிஎஃப் 50+ என்று குறித்த நீச்சல் சட்டை வாங்குவது தகும். அந்த எண்ணுக்கு, ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் கதிரை விடாது என்று பொருள்.

தொப்பியில் கிரிக்கெட் கேப் பாதித் தொப்பிதான். நெற்றியையும் மூக்கையும் மறைக்கும், காதையும் பிடரியையும் விட்டுவிடும். சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு விளிம்பு 5 செ.மீ., எட்டு வயதுக்கு மேல் 6 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பிடரியில் துணி தொங்கும் வகை ஓடியாடும் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது. தாடைக் கயிறு இழுபட்டால் தானாக அவிழும் வகையாக இருக்கட்டும். சறுக்குமரத்தில் கயிறு மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு.

நான்காம் படி: சன்ஸ்கிரீன்

துணி மறைக்காத இடத்துக்கு மட்டும்தான் இது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பூச வேண்டாம். அந்த வயதுத் தோல் மெல்லியது, உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிக அதிகம். அவர்களுக்கு நிழலும் துணியும் மட்டுமே.

வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். எஸ்பிஎஃப் 30 அல்லது 50. இது தோலை வேகவைக்கும் யூவி-பி கதிருக்கான எண். கருக்கவும் சுருக்கவும் செய்யும் யூவி-ஏ கதிருக்குப் பிஏ+++ அல்லது "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்ற குறி வேண்டும். மணம் சேர்க்காதது. கிரீம் அல்லது லோஷன். ஸ்பிரே வேண்டாம், குழந்தை மூச்சில் இழுத்துவிடும், எவ்வளவு படிந்தது என்பதும் தெரியாது. சின்னக் குழந்தைகளுக்கும் எளிதில் தடிக்கும் தோலுக்கும் துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு ஆகியவை மட்டும் உள்ள கனிம வகை நல்லது. மாநிறத் தோலில் அது விபூதி பூசினாற்போல் வெள்ளையாகத் தெரியும். அதுவே எங்கே விட்டுப்போயிற்று என்று காட்டும் என்பதால் சின்ன வயதில் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளலாம். கொசு விரட்டியும் சன்ஸ்கிரீனும் கலந்த பொருள் வேண்டாம். ஒன்றை அடிக்கடி பூச வேண்டும், மற்றதை அப்படிப் பூசக் கூடாது.

எஸ்பிஎஃப் 30 சரியாகப் பூசினால் யூவி-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். கோட்டை விடுவது எண்ணில் அல்ல, அளவில். அந்த எண்ணை ஆய்வகத்தில் சோதிப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. வீட்டில் நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. ஐந்து வயதுக் குழந்தைக்கு உடம்பு முழுக்க என்றால் ஏறக்குறைய 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். அரைக்கைச் சட்டையும் அரைக்கால் டிரவுசரும் போட்டிருந்தால் முகம், காது, கழுத்து, முன்கை, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை எல்லாம் சேர்த்து ஒரு முழு டீஸ்பூன். ஆகவே 50 கிராம் டியூப் பத்துத் தடவைக்குத்தான் வர வேண்டும். ஒரு டியூப் கோடை முழுக்க வந்தால் பூசுவது போதவில்லை.

முதன்முறை வாங்கியதும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். தடிப்போ அரிப்போ இல்லையென்றால் தொடங்கலாம். பூசும் வரிசை இது:

1. முகத்தில் எண்ணெய் வழிந்தால் முதலில் கழுவித் துடையுங்கள். எண்ணெய் மேல் சன்ஸ்கிரீன் சீராகப் படியாது.
2. வீட்டைவிட்டுக் கிளம்ப 15 முதல் 20 நிமிடத்துக்கு முன்பு பூசுங்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவசரமாகத் தேய்த்தால் பாதி சட்டையில்தான் ஒட்டும்.
3. நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து பொட்டு வைத்துப் பரப்புங்கள். இமைமேல் வேண்டாம். குழந்தை கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளதென்றால் கண்ணைச் சுற்றிக் குச்சி வடிவ கனிம சன்ஸ்கிரீன் நல்லது, அது வியர்வையில் அவ்வளவாக வழியாது.
4. எல்லோரும் மறக்கும் இடங்கள்: காது மடல், பிடரி, தலை வகிடு, முழங்காலின் பின்புறம், செருப்பு வார் போக மீதியுள்ள புறங்கால். புறங்கையில் மட்டும் பூசுங்கள், உள்ளங்கையில் வேண்டாம், வாய்க்குப் போகும்.
5. கொசு விரட்டி தேவையென்றால் கடைசியில், இதன் மேல்.
6. இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். தண்ணீரைவிட்டு ஏறித் துண்டால் துடைத்ததும் உடனே. "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருந்தாலும் அது 40 அல்லது 80 நிமிடக் கணக்குதான்.

இரவில் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். டியூபை ஸ்கூட்டர் பெட்டியிலோ காரிலோ விட்டுவைக்காதீர்கள். சூட்டில் பிரிந்து தண்ணீர் தனியாக, திப்பி தனியாக வந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

தேங்காய் எண்ணெய், முகப் பவுடர், சந்தனம், கற்றாழை எதுவும் சன்ஸ்கிரீனுக்கு மாற்று அல்ல. எலுமிச்சைச் சாறு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கருமை போக என்று எலுமிச்சையைக் குழந்தையின் முகத்தில் தேய்த்து வெயிலில் விட்டால், அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் யூவி-ஏ பட்டதும் தோலைப் பொசுக்கிவிடும். ஓரிரு நாளில் கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் பழுப்புக் கறை. எலுமிச்சை பிழிந்து விளையாடிய பிள்ளையின் விரலிலும் வாயோரத்திலும் இது வரும். கையைச் சோப்பால் கழுவிய பிறகே வெளியே அனுப்புங்கள்.

கோடையில் கன்னத்தில் வெளிறிய திட்டு தெரிந்தால் "வயித்துல பூச்சி" என்று பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் அது வறண்ட தோலில் வரும் ஒரு சாதாரணத் திட்டு. சுற்றியுள்ள தோல் வெயிலில் கருக்கும்போது அது மட்டும் கருக்காமல் எடுத்துத் தெரிகிறது. மாய்ஸ்சரைசரும் வெயில் பாதுகாப்பும் போதும், மறைய மாதங்கள் ஆகும். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கிரீம் பூசிவிடாதீர்கள். தொட்டால் உணர்ச்சி இல்லாத திட்டு, பால்வெள்ளைத் திட்டு என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: கண்

குழந்தையின் கண்ணிலுள்ள வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. அதனால் விழித்திரை வரை கூடுதல் கதிர் போகிறது. வயதான பின் வரும் கண்புரையிலும், மீனவர்களுக்கும் வயலில் உழைப்போருக்கும் அதிகம் வரும் கண் சதை வளர்ச்சியிலும் வாழ்நாள் முழுக்கச் சேரும் புறஊதாவுக்குப் பங்கு உண்டு. அந்தச் சேமிப்பு சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

முதல் பாதுகாப்பு விளிம்புத் தொப்பி. அடுத்தது குளிர்கண்ணாடி. இதில் தவறான பொருள் வாங்குவது, ஒன்றும் வாங்காததைவிடக் கெடுதல். திருவிழாக் கடையில் விற்கும் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். இருட்டானதும் கண்பாப்பா (கருமணியின் நடுத்துளை) விரிந்துகொள்ளும். புறஊதாவைத் தடுக்காத கண்ணாடி என்றால் விரிந்த கண்பாப்பா வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும். எவ்வளவு கறுப்பு என்பது முக்கியமில்லை, "யூவி 400" அல்லது "100 சதவீத யூவி பாதுகாப்பு" என்ற குறிதான் முக்கியம். "போலரைஸ்டு" என்பது கூசும் ஒளியைக் குறைப்பது, அது வேறு. நல்ல கண்ணாடிக் கடைகளில் யூவி அளக்கும் சிறு கருவி இருக்கும். வாங்குமுன் அதில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வில்லை பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். பந்து பட்டாலும் சில்லாக உடையாது, புறஊதாவை அதுவே தடுக்கும். பவர் கண்ணாடி போடும் குழந்தைக்கு வில்லையைப் பாலிகார்பனேட்டில் போடச் சொன்னால் நிறமே இல்லாமல் அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும். சட்டம் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். குனிந்தால் விழுந்தாலோ பக்கவாட்டில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலோ அளவு சரியில்லை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை உள்ளதே நிற்கும். கழற்றி எறிந்தால் வற்புறுத்தாமல் தொப்பியோடு விட்டுவிடுங்கள்.

கோடையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் பலர் உண்டு, பையன்கள் அதிகம். நூல் போன்ற பீளை, வெளிச்சத்தில் கூச்சம், வருடாவருடம் இதே மாதங்களில் திரும்ப வருவது என்றால் அது மெட்ராஸ் ஐ அல்ல, ஒவ்வாமை. தொப்பியும் கண்ணாடியும் குளிர்ந்த துணி ஒத்தடமும் இதம் தரும். போன வருடச் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் காட்டித் திரும்ப வாங்கவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். வலியே இருக்காது. பார்வை போன பிறகுதான் தெரியும், போனது திரும்பாது.

சூரியனை நேராகப் பார்க்கும் பந்தயம் பிள்ளைகளிடையே உண்டு. அதைக் கண்டிப்பாகத் தடுங்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வளைய கிரகணம் போனது போல இனியும் கிரகணங்கள் வரும். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, மஞ்சள் தண்ணீரிலோ சாணித் தண்ணீரிலோ தெரியும் பிம்பம் எதுவும் பாதுகாப்பல்ல. சாதாரணக் குளிர்கண்ணாடியும் ஆகாது. அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, தரையில் விழும் பிம்பத்தைப் பார்க்கப் பழக்குங்கள்.

அதற்காக வீட்டுக்குள் பூட்டாதீர்கள்

பகல் வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. தைவான் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியே விடுவதை ஒரு திட்டமாகவே நடத்துகிறது. அதற்கு நேர் வெயில் தேவையில்லை, மரநிழல் வெளிச்சமே போதும், தொப்பியும் தடையல்ல. காலை 9-க்கு முன் ஒரு மணியும் மாலை 4-க்கு மேல் ஒரு மணியும் கணக்குக்குச் சரியாகிவிடும்.

பச்சிளங்குழந்தைக்கு இளவெயில் காட்டுவது நம் வழக்கம். சில நிமிடங்கள் காட்டுவதில் தீங்கில்லை. ஆனால் அதிகாலை வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் யூவி-பி மிகக் குறைவு. முதல் வருடம் தினம் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு கொடுப்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு வெயில் காட்டுவதை வைத்தியமாக நம்பி நாள் கடத்த வேண்டாம். மஞ்சள் அதிகமானால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெந்துவிட்டால்

மாநிறத் தோலில் சிவப்பு எடுத்துத் தெரியாது. தொட்டுப் பாருங்கள். சூடாக, விறைப்பாக, தொட்டால் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் வெந்திருக்கிறது. முழு வலியும் தெரிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போடுங்கள், அவ்வப்போது திரும்பச் செய்யுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மாவு, வெண்ணெய் வேண்டாம். தண்ணீர், மோர், இளநீர் நிறையக் கொடுங்கள். வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால், ஆஸ்பிரின் கூடவே கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை, கொப்புளம், காய்ச்சல், வாந்தி, கண் திறக்க முடியாத கூச்சம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, மயக்கமோ வலிப்போ வந்தால் அது வெப்பத்தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே இருங்கள்.

மூன்று நான்கு நாளில் தோல் உரியும். அதைப் பிய்க்கவிடாமல் மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அடியில் வரும் புதுத்தோல் மிக மெல்லியது. ஒரு வாரமாவது அந்த இடத்தைத் துணியால் மூடியே வெளியே அனுப்புங்கள்.